பேரவையில் நிறைவேறினால் சட்டம் வந்துவிட்டதா?

2018 தொடக்கத்தில் பெரம்பூரிலிருந்து ஒரு வீட்டுக்காரர் தம்புச்செட்டித் தெருவில் இருக்கும் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நாளிதழ் கத்தரிப்பு. "புது வாடகைச் சட்டம் வந்தாச்சு சார். அக்ரிமென்ட் எழுதலைன்னா காலி பண்ண வைக்கலாமாம். மாடியில இருக்கறவருக்கு நோட்டீஸே அனுப்பியாச்சு." வேறு எங்கோ எழுதி வாங்கிய நோட்டீஸ் அது. புதுச் சட்டத்தின் பிரிவு எண்கள் கம்பீரமாக வரிசைகட்டி நின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் பதில் இரண்டே வரி: அந்தச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, நோட்டீஸ் செல்லாது.

அந்தப் பதில் சரிதான். வாடகை தொடர்பான புதுச் சட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அது நடைமுறைக்கு வந்த நாள் 22-2-2019. நடுவில் இருந்த காலம் முழுக்க 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் சென்னையில் ஓடிக்கொண்டிருந்தது. "பேரவையில் நிறைவேறியது" என்ற செய்தியை "சட்டம் வந்துவிட்டது" என்று படிக்கிற பழக்கத்தால், எங்களிடம் வழக்கு கொடுக்க வருபவர்கள் பணத்தையும் நேரத்தையும் இழப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். நாம் மசோதா என்கிறோம், பேரவையில் சட்டமுன்வடிவு என்பார்கள். அமைச்சர் அதை அறிமுகம் செய்கிறார். இன்னொரு நாளில், சில சமயம் அன்றைக்கே, ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பொதுவாக விவாதம், அப்புறம் பிரிவு பிரிவாக வாக்கு, கடைசியில் மொத்தத்துக்கும் வாக்கு. பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று பேரவைத் தலைவர் முடிவு செய்வார். மொத்தம் 234 பேர். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் இருந்தாலே அவை நடக்கும். பேரவைத் தலைவர் சாதாரணமாக வாக்களிக்க மாட்டார், இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவர் வாக்கு. கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை என்று தொலைக்காட்சியில் நாம் அதிகம் பார்ப்பது அரசைக் கேள்வி கேட்கும் வேலை. அது வேறு தடம்.

மேலவை என்று ஒன்று இங்கே 1986 வரை இருந்தது. 2010-இல் அதை மீண்டும் கொண்டுவர நாடாளுமன்றமே சட்டம் போட்டும், அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. அது இருந்தாலும் மசோதாவைச் சில மாதம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான், தடுக்க முடியாது. ஆகவே நம் மாநிலத்தில் பேரவை நிறைவேற்றினால் அடுத்த நிறுத்தம் நேராக கிண்டியில் இருக்கும் ஆளுநர் மாளிகை.

எங்கள் தொழிலுக்கு முக்கியமான கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. ஆளுநர் ஒப்புதல் தரலாம், திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். நீட் விலக்கு மசோதாவை 2021 செப்டம்பரில் நிறைவேற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள், குடியரசுத் தலைவரிடம் போனது, ஒப்புதல் கிடைக்கவில்லை. பேரவை இரண்டு முறை நிறைவேற்றியும் சட்டமாகாத மசோதா அது. ஜல்லிக்கட்டோ நேர் எதிர். 2017 ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று பேரவையில் மசோதா, அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். மெரினாவில் கூடிய கூட்டத்துக்கு அவ்வளவு பலம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மறுநாளே அம்பத்தூரில் லேத் வேலை பார்க்கும் ஒருவர் எனக்கு போன் செய்து, "திங்கட்கிழமையிலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்குமா சார்?" என்றார். அந்தத் திங்கட்கிழமை, 24-ஆம் தேதி, மசோதாவை நிறுத்தி வைப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அந்த அம்பத்தூர்க்காரரின் வேலை நேரம் ஒரு நிமிடம்கூட மாறவில்லை.

சரி, ஒப்புதலும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரசிதழில், நாங்கள் சொல்வதுபோல் கெசட்டில், வெளியாக வேண்டும். மசோதாவும் கெசட்டில் அச்சாகும், சட்டமும் அச்சாகும். நான்காம் பாகத்தில் முதல் பிரிவு மசோதாவுக்கு, இரண்டாம் பிரிவு சட்டத்துக்கு. முதலாவதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சட்டம் என்று வருபவர்கள் நிறைய. அதன் பிறகும் சட்டத்தின் முதல் பிரிவைப் பாருங்கள். "அரசு அறிவிக்கையால் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அந்தத் தனி அறிவிக்கை வரும்வரை அது காகிதம்தான். வாடகைச் சட்டம் காத்துக்கிடந்தது இந்த இடத்தில்தான். நோட்டீஸ் எழுத வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த அறிவிக்கையின் தேதியைத்தான்.

பெரம்பூர்க்காரருக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த உபயோகம் என்ற காரணத்தைக் காட்டி, சிறுவழக்கு நீதிமன்றத்தில் மனு போட்டோம். 2019 மார்ச்சில் சந்தோஷமாக வந்தார். இந்த முறை கையில் கெசட் நகல். "இப்ப நிஜமாவே வந்தாச்சே சார், என் கேஸ் புதுச் சட்டத்துக்கு மாறிடுமா?" மாறாது. பழைய சட்டப்படி நிலுவையில் இருக்கும் வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும் என்று புதுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. படித்துக் காட்டினேன். நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப அடுத்த வாய்தா என்னிக்கு சார்?" என்றார்.