இன்ஹேலர் எடுத்தால் பிள்ளை வளராதா?

"ஆஸ்துமாவுக்காக மகளுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுக்கிறோம். உயரமாக வளரமாட்டாள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ஆனால் அவருடைய பயம் ஆதாரமற்றதும் அல்ல.

கை கால் எலும்புகளின் முனைக்கு அருகில் வளர்தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்புப் படலம் உண்டு. அதன் செல்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் பிரிந்து பெருகி, மறுபக்கம் பல மடங்கு உப்பி, பின் எலும்புக்கு இடம்விட்டு மடியும். நாம் உயரமாவது இப்படித்தான். ஸ்டீராய்டு இந்தப் பிரிதலை மந்தப்படுத்துகிறது.

மந்தப்பட்ட தட்டு பிறகு என்ன செய்கிறது என்பதுதான் சுவையான பகுதி. நோய் தீர்ந்த குழந்தை திடீரென விறுவிறுவென வளர்வதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். உடல் எட்ட வேண்டிய அளவை மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது என்று 1963இல் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் டானர் ஊகித்தார். 1994இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி பேரன் குழுவினர் முயல்களின் ஒரு காலில் மட்டும், வளர்தட்டுக்குள் நேராக ஸ்டீராய்டைச் செலுத்தினார்கள். அந்தக் கால் பின்தங்கியது. மருந்தை நிறுத்தியதும் அதே தட்டு மட்டும் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது! மூளைதான் கணக்கர் என்றால் ஒரு காலுக்கு மட்டும் எப்படிச் சலுகை தரும்? செல்கள் பிரியப் பிரியத்தான் வளர்தட்டு மூப்படைகிறது; பிரியாமல் காத்திருந்த தட்டு இளமையாகவே இருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். முயல் காலை அளப்பதற்கா பணம் என்று முகம் சுளிக்கும் நிதிக் குழுக்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

மனிதக் குழந்தைகளிடம் இந்த ஈடுகட்டல் முழுமையாக நடப்பதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதுள்ள 1,041 பேரிடம் நடந்த 'கேம்ப்' ஆய்வில், தினமும் 400 மைக்ரோகிராம் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டை இன்ஹேலரில் எடுத்தவர்கள் பெரியவர்களானபோது, மருந்தில்லா இன்ஹேலர் எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தார்கள். இந்த இழப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் நேர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைத் தடுக்கும், பூப்பைத் தள்ளிப்போடும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது இரவின் ஆழ்ந்த உறக்கத்தில். இருமி இருமி விழிக்கும் பிள்ளைக்கு அந்த உறக்கம் ஏது? இளைப்பு முற்றினால் விழுங்க வேண்டிய ஸ்டீராய்டோ மைக்ரோகிராமில் அல்ல, மில்லிகிராமில் போகும்.

இதற்கு மேல், "சளி பிடிக்கும்" என்று பாலையும் முட்டையையும் நிறுத்துகிறார்களே, அதைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒவ்வாமை உறுதியாகாத குழந்தையிடமிருந்து புரதத்தையும் கால்சியத்தையும் பறித்துவிட்டு, வளரவில்லை என்று இன்ஹேலரைக் குறை சொல்வதா? எடை அளவுமீறிக் கூடினாலும் ஆஸ்துமா மோசமாகும் என்பது வேறு சங்கதி.

வாசகி செய்யக்கூடியவை: ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய் போன்ற கூடு) வைத்து மருந்து கொடுங்கள், பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது உயரத்தை அளந்து குறித்துவையுங்கள். இளைப்பு அடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தால், அளவைக் குறைக்க முடியுமா என்று அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் கேளுங்கள்.