விருந்து சாப்பிட்டதைப் பட்டினி போட்டுச் சரிக்கட்டாதீர்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும், பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து ஒரே மாதிரியான சுகர் நோயாளிகள் என்னிடம் வரத் தொடங்கிவிடுவார்கள். வலை இழுக்கும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிப் படகிலேயே சாய்ந்தவர்கள். விசாரித்தால் எல்லாருக்கும் பதில் ஒன்றுதான்: "ரெண்டு மாசமா வாயக் கட்டல, சுகர் ஏறிப்போச்சு. அதான் மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டு சாப்பாட்ட நிறுத்திட்டேன்."

இந்தப் பதிலை இன்னொரு முறை கேட்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. உடம்பு கரையில் சும்மா இருக்கும். சோற்று அளவு மட்டும் கடலில் உழைத்த நாளின் அளவுதான். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி என்று அடுத்தடுத்து அழைப்பு வரும். பச்சை மீன் விலை ஏறினால் வீட்டில் கருவாடு மணக்கும். யாரோ கீழக்கரையிலிருந்து ஒரு டப்பா தொதல் இனிப்பு கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவருக்கும் இந்த இரண்டு மாதத்தில் பிடி நழுவும். அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். நழுவிய பிறகு செய்கிற வைத்தியம்தான் ஆளைப் படுக்க வைக்கிறது.

"நேத்து நல்லா சாப்ட்டாச்சு, இன்னைக்கு ஒருநாள் வயித்தக் காயப் போட்டா சரியாயிரும்" என்கிறார்கள். சரியாகாது. நேற்று மதியம் சாப்பிட்ட பிரியாணியின் சர்க்கரை நேற்றே ரத்தத்தில் ஏறி, அது செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது. இன்றைய பட்டினி அதைத் திரும்ப வெளியே எடுக்காது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடும். அதனால்தான் ராத்திரி பட்டினியாகப் படுத்தவருக்கும் காலையில் 180 காட்டுகிறது. "பட்டினி கிடந்தும் குறையலையே" என்று பயந்து மதியச் சோற்றையும் நிறுத்துவார். சாயங்காலம் நாலு மணிக்குப் பசி தாங்காது. டீக்கடையில் ரெண்டு வடை, ராத்திரி நாலு பரோட்டா. மறுநாள் மறுபடி பட்டினி. இப்படியே ஒரு மாதம் ஓடும், எடை குறையாது, சுகரும் இறங்காது. விருந்தைவிட இந்தச் சுழல்தான் அதிகம் கெடுக்கிறது.

எடை மெஷினை நம்பிப் பதறுவதும் வேண்டாம். இரண்டு நாள் விருந்தில் ஏறும் 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடம்பு சேமிக்கும் மாவுச்சத்தும் கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரோடு சேர்ந்தே தங்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் தானே இறங்கும். ஒரு வாரம் மெஷின் பக்கம் போகாதீர்கள்.

இனி மாத்திரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்த்து அவை வேலை செய்வதில்லை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வலை இழுத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகும். கிளிபென்கிளமைடின் வேகம் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நிற்கும்; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் நீளும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டபாகிளிபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் வேறொரு ஆபத்து: சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வந்தால் "சுகர் நார்மல்தானே" என்று வீட்டில் இருக்காதீர்கள். மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இப்படி அளவுக்கு மீறித் தாழ்வது அரிது.

பொது விதி இது: சாப்பாடு இல்லை என்றால் சுரக்க வைக்கும் மாத்திரையும் இல்லை. இன்சுலின் போடுபவர்கள் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. விருந்துக்காக மாத்திரையை இரட்டிப்பாக்குவதும் கூடாது. உங்களுக்கு எந்த மாத்திரை, சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். விடியுமுன்னே மாத்திரை, ஒரு கடுங்காப்பி, அப்படியே மணிக்கணக்காகத் தண்ணீருக்குள். கரையில் மயங்கினால் தூக்க ஆள் இருக்கும். தண்ணீரில் மயங்கினால்? இரண்டு இட்லியாவது, ஒரு முட்டையாவது சாப்பிடாமல் இறங்காதீர்கள்.

படகோ பாறையோ, குளுக்கோஸ் பொடியோ சீனியோ நனையாத டப்பாவில் கூடவே இருக்கட்டும். நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் சோறோ இட்லியோ சாப்பிட்டே ஆக வேண்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும், அவசரத்துக்கு உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சரி, எப்படித் திரும்புவது? அடுத்த வேளையில். திங்கட்கிழமையும் வேண்டாம், அமாவாசை கழியவும் வேண்டாம். ராத்திரி விருந்தா, மறுநாள் காலை வழக்கமான மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை. மதியம் தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு மீன், கால் பங்கு சோறு. கரையில் இருக்கும் நாளில் சோறு ஒரு கப், ஏறக்குறைய 150 கிராம். வலை இழுக்கும் நாளில் இரண்டு கப். உழைக்கிறவர் சோற்றை அடியோடு நிறுத்தக் கூடாது. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள், சுகர் ஏறும் வேகம் குறையும். காய்கறி விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கொல்லையில் முருங்கை நிற்கிறது. மீனுக்கு வஞ்சிரம் தேவையில்லை; சாளையும் நெத்திலியும் போதும். பொரிக்காமல் குழம்பில் போடுங்கள், தேங்காய்ப்பால் ஊற்றாமல்.

கஞ்சி பத்தியச் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். குழைந்த அரிசி சோற்றைவிட வேகமாகச் சர்க்கரையாகும். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கருப்பாக இருப்பதால் சுகர் நோயாளிக்குச் சலுகை கிடையாது. பதநீருக்கும் இதே பதில். சித்திரைக்கார் என்ற சிவப்பரிசி நல்லது, தவிடு இருக்கிறது, ஆனால் அதுவும் அளந்துதான். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது. ஒரு நாளுக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டுப் பானையை மூடி வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் டீ. ஒரு டீக்கு இரண்டு டீஸ்பூன் சீனி என்றால் 10 கிராம். ஆறு டீக்கு 60. சீனி இல்லாமல் இரண்டு டீயோடு நிறுத்துங்கள். மிஞ்சிய தொதல் டப்பாவை அன்றைக்கே பகிர்ந்து கொடுத்துவிடுங்கள், வீட்டில் இருந்தால் கை போகும். வீட்டுப் பெண்களே, மற்ற எல்லாரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்கு மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தையும் இப்போதே விடுங்கள். உங்களுக்கும் நேரத்துக்கு ஒரு தட்டு.

ஒரு வாரம் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் சுகர் பார்த்துத் தேதியோடு எழுதி வாருங்கள். பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை உடனே எடுத்துப் பதற வேண்டாம், திருந்திச் சாப்பிட்டு மூன்று மாதம் கழித்து எடுங்கள். வரும்போது மாத்திரை அட்டையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில ஒன்னு" என்று சொன்னால் அது மெட்பார்மினா கிளிமிபிரைடா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.