சாச்சுரேஷன்: தெவிட்டலா, செறிவா, தூக்கலா?

போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை பார்ப்பவர்களிடம் இரண்டு பேச்சும் கேட்கும். "சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்கு" என்பது ஒன்று. "முகத்துல கலர் தூக்கலா இருக்கு பாரு" என்பது இன்னொன்று. முதல் பேச்சில் வரும் அயற்சொல், படத்தில் நிறத்தின் அழுத்தம்; அது கூடிப்போனால் சொல்ல இரண்டாவதிலேயே தமிழ் கிடக்கிறது. சாம்பாரில் உப்பைச் சொல்லும் அதே தூக்கல்தான்.

லத்தீனில் 'சாத்துர்' என்றால் வயிறு நிறைந்தவன். அதிலிருந்து பிறந்ததே சாச்சுரேஷன். துயரைக் குறிக்கும் ஆங்கில 'சேட்'கூட இதற்குத் தூரத்து உறவு: உண்டு நிறைந்தவன், திகட்டியவன், சோர்ந்தவன், கடைசியில் சோகமானவன். நம் வேதியியல் பாடநூலில் உள்ள 'தெவிட்டிய கரைசல்' அந்தச் சாப்பாட்டு வாசனையை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் அது 'நிரம்பிய கரைசல்'.

படத்தில் இதன் பொருள் வேறு பக்கம் திரும்புகிறது. ஒரு நிறம் சாம்பலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே இங்கே அளவு. ஃபோட்டோஷாப்பில் அந்த அளவுகோல் -100 முதல் +100 வரை ஓடும். -100-இல் கருப்பு வெள்ளை. -60-இல் கருப்பு வெள்ளையில் லேசாக நிறம் கலந்த பழைய படத்தின் சாயல்.

இதில் ஒரு பொறி உண்டு. பளீர் மஞ்சள் சேலை, பளீர் நீலக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். -100-க்கு இழுத்ததும் கரையைக் காணோம்! படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள் உண்டு; அவற்றில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குவதுதான் அந்தக் கட்டளையின் கணக்கு. தூய மஞ்சளில் பெரியது 255, சிறியது 0. தூய நீலத்திலும் அதேதான். இரண்டும் ஒரே சாம்பல். கண்ணுக்கோ மஞ்சள் வெளிச்சம், நீலம் இருட்டு. அதனால் 2007-இல் சிஎஸ்3 பதிப்பில் வந்த 'பிளாக் அண்ட் ஒயிட்' அடுக்கைப் படத்தின்மேல் போடுவதே நல்லது. ஆறு நிறங்களுக்குத் தனித்தனிக் கோல். நீலத்தை மட்டும் இருட்டாக்கினால் கரை திரும்பி வரும். அடுக்கின் ஒபாசிட்டியை, அதாவது அடியிலுள்ளதை மறைக்கும் அளவை, 70 சதவீதத்துக்குக் குறைத்தால் அடியிலுள்ள நிறம் 30 சதவீதம் கசியும். அடுக்கு எங்கே வேலை செய்யலாம், எங்கே கூடாது என்று காட்டும் மாஸ்க்கில் நெற்றிப் பொட்டின்மேல் கருப்புத் தூரிகையால் ஒரு தடவை தொட்டால், குங்குமம் மட்டும் சிவக்கும்.

தமிழில் எதைச் சொல்வது? 'தெவிட்டல்' கரைசலுக்குப் பொருந்தும்; படத்துக்கு ஒட்டாது. 'நிறச்செறிவு' என்பதே என் தேர்வு. சாச்சுரேஷனை இறக்கும் டீசாச்சுரேஷனை 'நிறநீக்கம்' என்பது பாதிதான் சரி, -40-இல் எதுவும் நீங்கிவிடவில்லையே. 'வெளுத்தல்' அறவே தவறு. வெளுத்தால் வெளிச்சமும் கூடும். 'நிறம் தணித்தல்' என்றால் -5-க்கும் பொருந்தும், -100-க்கும் பொருந்தும். கூடிப்போனால் சொல்ல, தூக்கல் இருக்கவே இருக்கிறது.