உமரி முளைத்த மண்ணில் வேம்பு வைக்காதீர்கள்

மே கடைசி வந்தால் ஒரே கேள்விதான். "தடாவுக்கும் சூளூர்பேட்டைக்கும் நடுவில் பழவேற்காடு ஏரிக்கரையில் ஏக்கர் ஏக்கராக இடம் சும்மா கிடக்கிறதே, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு ஆயிரம் கன்று வைக்கலாம் என்று இருக்கிறோம், எந்தக் கன்று நல்லது?" பள்ளிக்கூடம் கேட்கிறது, சங்கம் கேட்கிறது, சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பணத்தை மார்ச்சுக்குள் செலவழிக்க மறந்துபோன கம்பெனியும் கேட்கிறது. பதில் ஒவ்வொரு வருஷமும் ஒன்றுதான்: எந்தக் கன்றும் நல்லதில்லை. அது உமரி என்ற உப்புச்செடி முளைக்கிற உவர்ச்சேறு, மரத்துக்கான மண் இல்லை. இந்த வருஷமும் கேட்டுவிட்டார்கள், பதிலைக் கேட்காமல் குழியும் வெட்டிவிட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் கன்றுகளுக்கு என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி. அரையடி வெட்டும்போதே மண் கறுப்பாகி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வெட்டுகிற ஆளுக்கு அப்போதே தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. லாரியில் கொண்டுவந்த செம்மண்ணைக் கொட்டி, வேம்போ புங்கனோ வைத்து, தண்ணீர் லாரியில் நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு மூன்று வாரம் பச்சையாக இருக்கும், படம் எடுக்கலாம். அதற்குள் அடியிலிருக்கும் உப்பு செம்மண்ணுக்குள் ஏறிவிடும். முதலில் இலையின் ஓரம் கருகும், பிறகு நுனி, பிறகு முழு இலையும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டும் ஐப்பசி மழையில் வேர் மூழ்கி அழுகும். உப்புத் தண்ணீரை வேர் ஏன் உறிஞ்ச முடியாது என்பது பள்ளிப் பாடம், அதை விட்டுவிடுகிறேன். மிஞ்சுவது கறுப்பு நாற்றுப்பை, துருப்பிடிக்கும் இரும்புக் கூண்டு, ஆயிரம் செம்மண் மேடு. சுற்றிலும் உள்ள சேற்றைவிட ஒரு சாண் உயர்ந்த அந்த மேட்டில் உப்பு கொஞ்சம் குறைவு. ஆடு மாடு சாணத்தோடு வரும் சீமைக் கருவேல விதைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வேம்பு நட்டவர்கள் கடைசியில் வளர்த்தது சீமைக் கருவேலத்தைத்தான்.

செத்தது கன்றுதானே, போகட்டும் என்று விடலாம். விட முடியாதது அந்தக் குழிக்குப் பின்னால் இருக்கும் எண்ணம்: மரம் இல்லையென்றால் அது தரிசு. வருவாய்த் துறைக் கணக்கில் அப்படி, நாட்டின் தரிசு நில வரைபடத்தில் உவர் நிலமும் சதுப்பும் தரிசின் தனித்தனி வகைகளாகவே வருகின்றன. படித்தவர்களுக்குத்தான் இது அதிகம். பறிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடையில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களிடம் போய் இதை வெற்று நிலம் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். தெற்கு முனை நம் பக்கம், பெரும்பகுதி ஆந்திரா பக்கம். தெற்கே ஆரணி ஆறு, வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீர் கொண்டுவரும். முகத்துவாரம் வழியாகக் கடல் வரும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே சுவராக ஸ்ரீஹரிக்கோட்டா. மழை முடிந்ததும் ஆற்று வாயருகே தண்ணீர் ஏறக்குறைய நல்ல தண்ணீர்போல இருக்கும். அதே ஏரியின் வடபாதியில் கோடையில் உப்பு கடலைத் தாண்டிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. இங்கே 50-க்கு மேலும் போகும். ஒரே வருஷத்தில் இரண்டு முனையையும் தாங்குகிற செடிதான் இந்தக் கரையில் நிற்கும். வேம்பு அந்தச் சாதி இல்லை.

தாங்குகிற செடிகள் எவை என்று குனிந்து பார்த்தால் தெரியும். குனியத்தான் வேண்டும், எதுவும் முழங்காலுக்கு மேல் அவ்வளவாக வளராது. சென்னைக் கரையில் பெரிய ஓதத்துக்கே (கடல்நீர் ஏறி வடிவதுதான் ஓதம்) ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். குறுகிய வாய் வழியாக ஏரிக்குள் வரும்போது அதிலும் குறையும். ஆகவே இங்கே ஒரு சாண் உயரம் என்பது மலைநாட்டில் ஆயிரம் அடி மாதிரி. தண்ணீர் ஓரத்தில் வெறும் சேறு. அதற்குச் சற்று மேலே கணுக்கணுவாக, இலையே இல்லாததுபோல் நிற்கும் உமரி. இன்னும் விரற்கடை மேலே போனால் சின்னச் சதைப்பற்று இலைகளோடு புதராக இன்னொரு உமரி, தரையோடு படர்ந்து இளஞ்சிவப்பாகப் பூக்கும் கொடி. அதற்கும் மேலே இலையில் உப்பைக் கசியவிடும் குட்டைப் புல். பிறகுதான் மேட்டு நிலம். உமரி உப்பை விலக்குவதில்லை, வாங்கித் தன் சதைக்குள் அடைத்துவைக்கிறது. உமரிக்கீரை சமைப்பவர்கள் முதலில் வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுவதும், அதன் பிறகும் உப்புப் போடாததும் இதனால்தான். வறட்சி ஏற ஏற அது சிவக்கும். அதைப் பார்த்து "எல்லாம் காய்ந்து செத்துவிட்டது, அதனால்தான் நடுகிறோம்" என்று சொன்னவர்களும் உண்டு.

செடியே இல்லாத இடத்தில் சேற்றின் மேல் நுண்பாசி ஒரு தோலாகப் படர்ந்திருக்கும். வெயிலில் அது அப்பளம்போல் வெடித்துச் சுருளும். அந்தத் தோல்தான் மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைக்கிறது. அதன் மேல் போன ஒரு வண்டித் தடம் அடுத்த மழைவரை அப்படியே இருக்கும். நடவு விழாவுக்கு எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தோலுக்கு அடியில் புழு, நத்தை, சிப்பி, இறால் குஞ்சு, நண்டு. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வரும் உள்ளான்களும் கோட்டான்களும் (ஆந்தை இல்லை, இது நீள அலகுக் கரைப்பறவை) அதைத் தின்னத்தான் வருகின்றன. இருபது முப்பது கிராம் எடையுள்ள கொசு உள்ளான் மேற்தோலைக் கொத்தும். கோட்டானின் வளைந்த அலகு அரைச் சாணுக்கு மேல், ஆழத்திலிருக்கும் புழுவை இழுக்கும். ஒரே சேற்றை அலகு நீளத்தால் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், சண்டையே இல்லை. (ஏரிக்குள் மீனவர்கள் வலை போடும் பாடு முறையும் இப்படி இடத்தையும் முறையையும் பிரித்துக்கொள்வதுதான்.) பூநாரைக்குக் கணுக்கால் முதல் முழங்கால்வரை தண்ணீரும் கலங்கிய சேறும் வேண்டும். தலைகீழாக அலகை முக்கிச் சலித்துத் தின்னும். நிழல் அதற்குத் தேவையே இல்லை.

இங்கேதான் எல்லோரும் மடக்குவதாக நினைத்துக் கேட்கும் கேள்வி வரும்: "பறவைக்கு மரம் வேண்டாமா? நேலபட்டில் கூழைக்கடா மரத்தில்தானே கூடு கட்டுகிறது?" கட்டுகிறது. நேலபட்டு நல்ல தண்ணீர் ஏரி. அங்கே நிற்பது நீரில் நின்று வளரும் செங்கடம்பு. கூழைக்கடா அங்கே குடியிருந்துகொண்டு இரைக்குப் பழவேற்காட்டுக்குப் பறந்து வருகிறது. வீடு ஒரு ஊரில், வயல் ஒரு ஊரில். வயலில் வீடு கட்டினால் சோறு ஏது? சேற்றில் மேயும் பறவைக்கு மரம் உதவி இல்லை, ஆபத்து. சேற்றுப் பூனைப்பருந்தும் வல்லூறும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிய நாலு பக்கமும் வெட்டவெளி வேண்டும். ஓதம் ஏறும்போது கூட்டமாக ஒதுங்கி நிற்கவும் உயரமான எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தைத்தான் தேடும். மரம் வந்தால் காக்கை உட்காரும், புதர் வந்தால் நாய் பதுங்கும். மரக்கூண்டே போதும், காக்கைக்கு அது நல்ல நாற்காலி.

அதோடு ஜூன் 5 என்பது இங்கே கூட்டுப் பருவத்தின் நடுவில் விழுகிறது. உப்புக்கொத்தி, சின்ன ஆலா, ஆள்காட்டி மூன்றும் வெறுந்தரையில் ஒரு குழிவு கிளறி, பக்கத்தில் கிளிஞ்சல் துண்டு போட்டு இரண்டு முதல் நான்கு முட்டை இடும். மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை. காலுக்கடியில் நசுங்கியபின்தான் கண்ணுக்குத் தெரியும். தாய் எழுந்துபோனால் அந்த வெயிலில் முட்டை வெந்துவிட அதிக நேரம் ஆகாது. தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றுகிறதென்றால் வாழ்த்துப் பாடவில்லை, வெளியே போ என்கிறது.

கார்பன் என்று ஆரம்பிப்பவர்களுக்கு இரண்டு வரி. இந்த நிலம் கார்பனைத் தண்டில் அல்ல, கறுப்புச் சேற்றில் வைத்திருக்கிறது. காற்றுப் புகாததால் மட்காமல் கிடக்கிறது. கடல் உப்பிலுள்ள சல்பேட் இருப்பதால் நன்னீர்ச் சதுப்புபோல மீத்தேனும் அதிகம் வராது. நீங்கள் வெட்டிய குழி அந்தச் சேற்றைக் காற்றில் திறந்துவைக்கிறது.

"அப்படியானால் அலையாத்தி?" பிச்சாவரத்தைக் காட்டுவார்கள். அங்கே வெட்டப்பட்ட காட்டில் நிலம் தொட்டிபோல் குழிந்து, நின்ற தண்ணீர் வற்றி உப்பேறிக் கிடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டார்கள், வாய்க்கால் ஓரத்தில் நட்டார்கள், வளர்ந்தது. அது முன்பு காடாக இருந்த இடம். பிழைக்கவைத்தது தண்ணீர். காடாக என்றுமே இல்லாத உமரி நிலத்தில் அதே வாய்க்காலை வெட்டினால் அதற்குப் பெயர் சீரமைப்பு இல்லை, அழிப்பு. பழவேற்காட்டில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் ஓடை ஓரங்களில் தானாக நிற்கிறது. அதற்கு எங்கே முடியுமோ அங்கே அதுவே வந்துவிடும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. நடுவதற்கு முன் ஒரே ஒரு குழி, இரண்டடி ஆழம். அரைமணி நேரம் காத்திருங்கள். ஊறிவரும் தண்ணீரில் இரண்டு சொட்டு போதும், பக்கத்து இறால் பண்ணைக்காரரிடம் உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும். 35-ஐ ஒட்டிக் காட்டினால் அது கடல்தான், மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்புங்கள். 10 காட்டினாலும் வேம்புக்கு இடமில்லை. கருவி இல்லையென்றால் கண் போதும்: உமரி, வெள்ளை உப்புப் பொருக்கு, கறுப்புச் சேறு, முட்டை நாற்றம். நான்கில் ஒன்று இருந்தாலும் குழியை மூடிவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவைக்கிறேன், கேட்பவர் குறைவு என்றாலும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் உவர் சதுப்பும் சேற்று வெளியும் அலையாத்திக் காட்டோடு சேர்த்து முதல் வகைப் பாதுகாப்பில் இருக்கின்றன. ஏரியின் பெரும்பகுதி இரு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே குழி வெட்டுவது நற்காரியம் ஆகாது.

நட்டே தீருவேன் என்றால் ஊருக்குள் நடுங்கள், தயவுசெய்து. பள்ளி மைதானம், கோயில் குளக்கரை, வீட்டு வாசல். மேட்டு நிலத்துக்குப் பூவரசும் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும். ஏரிக்கரைச் சாலைக்குப் பனை விதை ஊன்றலாம். ஜூனில் வேண்டாம், வடகிழக்குப் பருவமழை பிடித்தபின் நடுங்கள், தண்ணீர் லாரிக் காசு மிச்சம். சேற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் வேலை நிறைய இருக்கிறது, படம்தான் அழகாக வராது. அறுந்துகிடக்கும் நைலான் வலைகளைப் பொறுக்கலாம், உள்ளான் காலில் சுற்றினால் அறுபடுவது கால்தான். சாலைச் சிறுபாலங்களில் அடைத்துக்கிடக்கும் குப்பையை எடுக்கலாம், தண்ணீர் இருபக்கமும் போய்வந்தால்தான் உப்பு ஒரு நிதானத்தில் இருக்கும். மேட்டோரத்தில் முளைக்கும் சீமைக் கருவேலக் கன்றை, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். பெரிய மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டுவது வீண், அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகத் திரும்பி வரும். மண்ணுக்குள் ஒரு அடி தோண்டி வேர்த்தலையோடு எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே நட்டுவிட்டவர்களுக்கு: கூட்டுப் பருவம் முடியட்டும், ஆகஸ்டுக்கு முன் உள்ளே போகாதீர்கள். பிறகு நாலைந்து பேராக, வண்டியைச் சாலையிலேயே விட்டு நடந்து போய், கூண்டையும் நாற்றுப்பையையும் எடுத்து வாருங்கள். செம்மண்ணைச் சாக்கில் அள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள், சேற்றில் பரப்பாதீர்கள். குழி வெட்டியபோது ஓரத்தில் போட்ட கறுப்பு மண்ணையே திரும்பக் குழிக்குள் தள்ளிச் சுற்றுத் தரையோடு சமமாக்குங்கள், மேடாகவும் வேண்டாம், பள்ளமாகவும் வேண்டாம். அக்டோபர் மழைக்கு முன் முடித்துவிட்டால் உமரி விதை தண்ணீரோடு மிதந்து வந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.