ஷாக்வேவ் தெரபி: இந்த 'ஷாக்' எந்த ஷாக்?

குதிகால் வலிக்கு மருத்துவரைப் பார்க்கப் போனவர், 'ஷாக்வேவ் தெரபி, 4 சிட்டிங்' என்று எழுதிய சீட்டோடு திரும்பினால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கரண்ட் வைப்பார்களா?" என்பதுதான். கேட்பவர் மேல் குற்றமில்லை. ஷாக் என்ற சொல்லைப் பெரும்பாலோர் அறிந்ததே மின்கம்பி வழியாகத்தான். 'ஷாக் அடித்தது' என்றால் குழந்தைக்கும் பொருள் விளங்கும். குற்றம் தமிழாக்கியவர்கள் மேல். சிலர் 'அதிர்ச்சி அலை சிகிச்சை' என்றார்கள். அவசரப்பட்ட சிலர் அலையையும் கழற்றிவிட்டு 'அதிர்ச்சி சிகிச்சை' என்று எழுதிவிட்டார்கள். அது மனநல மருத்துவத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் சிகிச்சைக்கு ஏற்கெனவே வழங்கிவரும் பெயர். குதிகாலுக்கு வைத்தியம் தேடிப் போனவரை மொழிபெயர்ப்பு மூளைக்கு அனுப்பிவிட்டது.

உண்மையில் இதில் நோயாளியின் உடம்புக்குள் மின்சாரம் போவதில்லை. உடம்புக்கு வெளியே ஒரு கருவி அழுத்த அலைகளை உண்டாக்குகிறது. அவை தோலைக் கிழிக்காமல் உள்ளே இறங்கி, நாள்பட்ட வலியுள்ள தசைநாணையோ, அது எலும்போடு ஒட்டும் இடத்தையோ, கூடாமல் நிற்கும் எலும்பு முறிவையோ திரும்பத் திரும்பத் தட்டுகின்றன. முழுப் பெயர் எக்ஸ்ட்ராகார்ப்போரியல் ஷாக்வேவ் தெரபி. எக்ஸ்ட்ரா, கார்ப்பஸ் என்னும் இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்தது முதற்சொல்: உடலுக்கு வெளியே. அலை பிறக்கும் இடம் உடலுக்கு வெளியே என்பதைத்தான் அது சொல்கிறது.

ஷாக்குக்கு வருவோம். பிரெஞ்சில் 'ஷொக்' என்றால் மோதல். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் போர்க்களத்தில் நிற்கிறது: இரண்டு படைகள் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதற்கு அது பெயர். மனம் திடுக்கிடுவது பின்னால் வந்த பொருள். மின்சாரம் அதற்கும் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் லெய்டன் சாடி கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் தொட்டவர்கள் தூக்கியெறியப்பட்ட பிறகு வந்த பொருள் அது. ஷாக்வேவ் என்ற இயற்பியல் கலைச்சொல் பிடித்துக்கொண்டது முதற்பொருளை. ஜெர்மானியர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்கள் சொல் 'ஸ்டோஸ்வெல்லெ'. 'ஸ்டோஸ்' என்றால் முட்டு, இடி, தள்ளு. நோயாளியின் காதில் அந்தச் சொல் விழுந்தால் மின்கம்பி நினைவுக்கு வராது. நாமோ ஆங்கிலத்தின் மூன்று பொருள்களில் வேண்டாத இரண்டை எடுத்துக்கொண்டு, வேண்டிய ஒன்றை விட்டுவிட்டோம்.

இத்தனைக்கும் தமிழின் 'அதிர்' நல்ல பழைய சொல். 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். 'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்' என்ற குறளில் அதிர்வும் நோயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முரசு அதிர்ந்தது, வானம் அதிர்ந்தது என்னும்போது ஒலியும் நடுக்கமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அழுத்த அலை ஒன்றுக்குப் பெயரிட இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் தேட வேண்டியதில்லை. சிக்கல் வேரில் இல்லை, விகுதியில் இருக்கிறது. 'அதிர்வு' இயற்பியல் பாடநூலுக்குப் போய் அதிர்வெண் ஆயிற்று. 'அதிர்ச்சி' செய்தித்தாளுக்குப் போயிற்று. அங்கே நாளொன்றுக்கு எத்தனை அதிர்ச்சி என்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. இன்று 'அதிர்ச்சி' என்று எழுதினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்தான் கண்முன் வருவார்.

'அலை' பற்றியும் ஒரு வார்த்தை. கடலலை என்ற பெயர்ச்சொல் மட்டுமே நமக்கு இப்போது நினைவிருக்கிறது. பழந்தமிழில் 'அலைத்தல்' என்றால் அடித்தல், வருத்துதல். கரையை அலைத்தது என்றால் கரையில் மோதியது என்று பொருள். ஆக, அலைக்குள்ளேயே ஓர் அடி ஒளிந்திருக்கிறது. ஷாக்வேவ் என்ற கூட்டுச்சொல்லின் இரண்டு பாதிகளையும் தமிழில் ஒன்றே ஏந்திக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

சரி, சாதாரண ஒலி அலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பேச்சொலியில் அழுத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அழுத்தம் மிக அதிகமானால் ஒரு வினோதம் நடக்கிறது. நெருக்கப்பட்ட பகுதி வேகமாக நகரும். அலையின் முகடு தன் முன்விளிம்பை எட்டிப் பிடித்துவிடும். சரிவாக இருந்த முன்பக்கம் செங்குத்துப் பாறையாகிவிடும். அழுத்தம் ஏறுவதில்லை, தாவுகிறது. துப்பாக்கிக் குண்டின் முன்னால் உண்டாகும் இப்படிப்பட்ட அலையை இயற்பியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் 1886இல் படம் பிடித்தார்கள். மீயொலி வேகத்தை 'மாக்' எண்ணால் குறிக்கிறோமே, அதே மாக்தான்.

அனைவரும் கேட்டிருக்கும் அதிர்வலை (ஷாக்வேவை இப்படிச் சொல்கிறேன், ஏன் என்பது கடைசியில்) இடி. மின்னல் தன் பாதையிலுள்ள காற்றைச் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை நொடிப்பொழுதில் சூடாக்குகிறது. காற்று வெடித்து விரிகிறது. பிறக்கும்போது அதிர்வலையாக இருப்பது, தூரம் செல்லச் செல்லத் தணிந்து நம் காதுக்கு வரும்போது வெறும் முழக்கமாகிறது. மருத்துவக் கருவிகளில் ஒரு வகை இதைத்தான் அப்படியே செய்கிறது: தண்ணீருக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு பொறி, ஒரு குட்டி மின்னல், ஒரு குட்டி இடி. அந்த இடியை வளைந்த கிண்ணம் ஒன்று பிடித்து ஒரே புள்ளியில் குவிக்கிறது. மின்காந்தச் சுருளையும் சவ்வையும் கொண்டு அலையை உண்டாக்குபவை, மின்சாரம் கொடுத்தால் விரிந்து சுருங்கும் அழுத்தமின் படிகங்களைக் கொண்டு உண்டாக்குபவை என்று வேறு இரண்டு வகைகளும் உண்டு. எந்த வகையானாலும் மின்சாரம் கருவிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வெளியே வருவது தள்ளல் மட்டும்.

மருத்துவத்துக்குள் இது வந்த வழி விசித்திரமானது. ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தில், அதிவேகத்தில் பறக்கும் விமானத்தின் உடலை மழைத்துளி மோதிச் சேதப்படுத்துவதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த எண்ணம்தான் சிறுநீரகக் கல்லை வெட்டாமல் உடைப்பது. 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் மருத்துவர் கிறிஸ்டியன் ஷௌஸியின் குழு முதல் நோயாளிக்கு இதைச் செய்தது. தொடக்கக் காலக் கருவிகளில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். காரணம் எளிது. நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரிலிருந்து உடம்புக்குள் அலை தடையின்றி நுழையும். நடுவில் காற்று இருந்தால் அங்கேயே முட்டித் திரும்பிவிடும். இன்று குதிகாலில் தடவும் ஜெல், அந்தத் தொட்டியில் மிஞ்சிய ஒரு கரண்டித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். காற்று நிறைந்த நுரையீரலின் பக்கம் இந்த அலையைத் திருப்பக் கூடாது என்பதற்கும் இதே இயற்பியல்தான் காரணம்.

கல்லை உடைக்கும் அலை வழியிலுள்ள எலும்பை என்ன செய்யும் என்ற கவலையில் விலங்குகளில் சோதித்தபோது, எலும்பு வளர்வது தெரியவந்தது. 1991இல் பல்கேரியாவைச் சேர்ந்த வல்சானோவும் மிக்கைலோவும், கூடாத எலும்பு முறிவுகளுக்கு இதைப் பயன்படுத்திக் கண்ட முடிவுகளை வெளியிட்டார்கள். நாள்பட்ட குதிகால் வலிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டில் ஒரு கருவிக்கு ஒப்புதல் தந்தது. பிறகு தோள்பட்டைத் தசைநாணில் சுண்ணாம்பு படிவது, டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கை வலி, குதிநாண் வலி, முழங்காற்சில்லுத் தசைநாண் வலி என்று பட்டியல் நீண்டது.

இங்கே ஒரு பெயர்ப் பிசகைச் சொல்லியாக வேண்டும். பல இயன்முறை மருத்துவ நிலையங்களில் காணப்படும் கருவி, கைத்துப்பாக்கி போன்ற பிடியோடு 'டக் டக் டக்' என்று ஓசை எழுப்பும். அதற்குள் அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறு உலோகக் குண்டைத் தள்ள, அது முனையில் போய் மோதுகிறது. இந்த மோதல் தோலில் தொடங்கிச் சுற்றிலும் விரிகிறது. ஆழம் போகப் போக வலுவிழக்கிறது. இதையும் ஷாக்வேவ் என்றே விற்கிறார்கள். இயற்பியல்படி இது அதிர்வலை அன்று. குவிக்கும் கருவியில் அழுத்தம் சில நானோ நொடிகளில் வளிமண்டல அழுத்தத்தின் நூற்றுக்கணக்கான மடங்குக்குத் தாவுகிறது. காற்றுக் கருவியில் ஏற்றம் மைக்ரோ நொடிக் கணக்கில் நடக்கிறது, உச்சமும் மிகக் குறைவு. அந்தச் செங்குத்துப் பாறை அங்கே இல்லை. துறை சார்ந்தவர்கள் இதை 'ரேடியல் அழுத்த அலை' என்று பிரித்துச் சொல்கிறார்கள். இதனால் அது பயனற்றது என்றாகாது. மேலோட்டமான இடங்களுக்கு அதுவும் உதவுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எந்தக் கருவி என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. முதலாவதை 'குவி அதிர்வலை' என்றும், இரண்டாவதை 'விரி அழுத்த அலை' என்றும் சொல்லலாம். குவிலென்ஸ், விரிகோணம் என்று படித்தவர்களுக்கு இவை தாமாகவே விளங்கும்.

வலி எப்படிக் குறைகிறது? கல்லைப் போலத் தசைநாணை யாரும் உடைப்பதில்லை. ஆற்றல் அளவு அதற்குத் தக்கபடி குறைக்கப்படுகிறது. தட்டப்பட்ட செல்கள் அந்த விசையை வேதிச் செய்தியாக மாற்றிக்கொள்கின்றன. புதிய நுண் இரத்தக் குழாய்கள் முளைப்பதும், தேங்கிப்போன ஆறும் வேலை மறுபடி தொடங்குவதும் ஆய்வுகளில் காணப்பட்டவை. வலி நரம்புமுனைகள் மந்தமாவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வழக்கமாக வாரத்துக்கு ஒரு முறை, 3 முதல் 5 முறை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 2,000 தட்டல். செய்யும்போது வலிக்கும். ஓரிரு நாள் சிவந்தும் கன்றியும் இருக்கலாம். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். எல்லா இடத்திலும் எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்: தோள்பட்டைச் சுழல்தசை நோய்க்கு இதனால் குறிப்பிடத்தக்க நன்மை சொற்பமே என்று பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு சொல்லியிருக்கிறது. கருவுற்றிருப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், அந்த இடத்தில் கட்டி உள்ளவர்கள், எலும்பு வளர்முனை மூடாத பிள்ளைகள் ஆகியோருக்கு மருத்துவர் தயங்குவார், தயங்க வேண்டும்.

இனித் தமிழ்ப்பெயர். 'மோது' என்ற வேரிலிருந்து செய்தால் பொருள் கச்சிதம்: மோதலை. ஆனால் வாசகர் அதை 'மோதல்' என்பதன் இரண்டாம் வேற்றுமையாகத்தான் படிப்பார். 'மோதலைத் தவிர்க்க வேண்டும்' என்று தலைப்புச் செய்தி ஓடும். 'தாக்கு' என்று தொடங்கினால் தாக்கலை. மனுத் தாக்கல் நினைவுக்கு வரும். குவியலை என்று எழுதினால் மணல் குவியலை அள்ளுவார்கள். என் மனத்துக்கு மிக நெருக்கமானது 'இடி'. முழக்கம், முட்டல், நொறுக்கல் மூன்றும் அதில் உண்டு. தண்ணீருக்குள் பிறக்கும் குட்டி இடிக்கும் ஜெர்மன் 'ஸ்டோஸ்'ஸுக்கும் அதுவே நேர்ச்சொல். சேர்த்து எழுதிப் பாருங்கள்: இடியலை. பேச்சுத்தமிழில் 'இடியவில்லை' என்றாகிவிடுகிறது. போதாக்குறைக்கு இலங்கைத் தமிழில் 'தலையிடி' தலைவலி. வலியைப் போக்கும் சிகிச்சைக்கு வலியின் பெயரை வைத்ததாக முடியும். 'அதிரலை' என்றாலும் இதே கதி, 'அதிரவில்லை'.

இந்தக் கண்ணிகள் அனைத்திலிருந்தும் தப்பி நிற்பது 'அதிர்வலை'. நடுவிலுள்ள அந்த ஒற்றை 'வ'தான் அதைக் காப்பாற்றுகிறது. 'அதிர் வலை' என்று பிரித்துப் படித்து மீன்பிடிக்கப் போகும் குறும்பர் இருக்கலாம், பொருட்படுத்த வேண்டியதில்லை. இதற்கும் ஒரு குறை உண்டு: அதிர்வு என்றால் தொடர்ந்து ஆடுவது, ஷாக்வேவ் ஒரே தாவல். உடம்பைப் பிடித்துவிடும் இயந்திரமும் அதிரத்தானே செய்கிறது என்று யாராவது கேட்டால் பதில் சொல்லச் சற்றுச் சிரமம். இருந்தாலும் நில அதிர்வு என்ற வழக்கில் திடீரென்று வந்து தாக்கும் பொருளும் அதிர்வுக்கு வாய்த்துவிட்டது. அது போதும். தெரபிக்கு 'பண்டுவம்' என்ற அழகான சொல் இருக்கிறது, கேட்டவர் விளக்கம் கேட்பார். மருத்துவம் என்பது முழுத் துறையையும் குறிக்கும். ஆகவே வடமொழி வழி வந்து நிலைத்துவிட்ட 'சிகிச்சை'யே இருக்கட்டும், முன்னால் ஒரு 'ச்' மட்டும் சேர்த்து: அதிர்வலைச் சிகிச்சை. உடலுக்கு வெளியே என்பதையும் சொல்லியாக வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளில் 'உடற்புற அதிர்வலைச் சிகிச்சை'.

அந்தச் சீட்டைத் தமிழில் எழுத என்னைக் கேட்டால் இப்படி எழுதுவேன்: 'குதிகாலுக்கு அதிர்வலைச் சிகிச்சை, வாரம் ஒரு முறை, 4 முறை. மின்சாரம் வைப்பதில்லை.'