உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

போன வாரம் ஒருவர் தொப்பியோடு சேர்த்து ஒரு காகித உறையையும் என் மேசைமேல் வைத்தார். தொப்பி அடர் பழுப்பு நிறம், நீள்ரோம ஃபெல்ட், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வேலைப்பாடு. ஃபெல்ட் என்பது விலங்கு ரோமத்தை நெய்யாமல் அழுத்தி இறுக்கிய பொருள்; நீள்ரோம வகையில் மேலே ரோமம் நீளமாகப் படிந்திருக்கும். உறையில் என்ன என்று கேட்டேன்.

"தொப்பியிலேர்ந்து வந்த முடி சார். ஒரு இழைகூட வீணாக்கல, எல்லாத்தையும் சேர்த்து வெச்சிருக்கேன். திருப்பி ஒட்டித் தர முடியுமா?"

தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உச்சியின் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை. சுற்றிலும் ரோமம் ஒரே வாக்கில் மினுமினுவென்று படிந்து கிடக்க, நடுவில் மட்டும் அட்டை போல ஒரு வட்டம். அதன் நிறமும் வேறு. பல ஆண்டு வெளிச்சத்தில் வெளிறிய மேல்ரோமம் போனதும் அடியிலிருந்த கருத்த பழுப்பு வெளியே தெரிந்தது. "பிசிறு பிசிறா இருந்துச்சு, வீடியோல காட்டின மாதிரியே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்" என்றார். மனிதர் நல்லவர். தாத்தா காலத்துத் தொப்பியை அக்கறையோடு சுத்தம் செய்ததாகத்தான் நினைத்திருக்கிறார்.

பழைய தொப்பிகளைச் சீர்செய்வது என் தொழில். இந்த ஆண்டில் மட்டும் இப்படி மழிக்கப்பட்டு என்னிடம் வந்த ஐந்தாவது தொப்பி இது. நேரில் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அது பிசிறு இல்லை. அழுக்கு இல்லை. பழசாகி நைந்துபோனதும் இல்லை. அந்தத் தொப்பியை அப்படித்தான் செய்தார்கள்.

உப்புத்தாள் போடச் சொல்லும் வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. அவை வேறொரு தொப்பியைப் பற்றிப் பேசுகின்றன. வழவழப்பான ஃபெல்ட் தொப்பிக்குக் கடைசி மெருகே அதுதான். பட்டறையிலேயே மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து, துருத்திக்கொண்டிருக்கும் ரோமத்தை எடுத்துவிடுவார்கள். நீள்ரோமத் தொப்பியில் வேலை நேர்மாறு. ஃபெல்ட்டுக்குள்ளிருந்து ரோமத்தை வேண்டுமென்றே மேலே கிளப்பி, வாரி வாரி, ஒரு பக்கமாகப் படியவைப்பார்கள். இதற்காகவே சாதாரண முயலைவிட நீளமான ரோமமுள்ள காட்டுமுயலையும் பீவர் என்ற நீர்வாழ் விலங்கையும் தேடினார்கள். வழவழப்பான தொப்பியில் கழித்துவிட வேண்டிய அந்த ரோமத்துக்காகத்தான் நீள்ரோமத் தொப்பியை விலை கொடுத்து வாங்கினார்கள்.

ஒட்டித் தர ஏன் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்கிறார்கள். ஃபெல்ட் நெய்த துணி இல்லை. பாவும் ஊடும் கிடையாது, பசையும் கிடையாது. ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் அழுத்தமும் சேரும்போது ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கி இறுகுகின்றன. மேலே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு இழைக்கும் கால் உள்ளே இருக்கிறது. வெட்டிய இழைக்குக் கால் இல்லை, அதை எங்கே நடுவது? அடியிலிருந்து புதிதாகக் கிளப்பலாமே என்றால், தேய்த்த இடத்தில் ஃபெல்ட் ஏற்கெனவே மெலிந்திருக்கும். கிளப்பக் கிளப்ப ஓட்டை விழும்.

சந்தேகமாக இருந்தால் இதைச் செய்து பாருங்கள். இருட்டறையில் ஒரு விளக்கைத் தொப்பிக்குப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடியுங்கள். கையுறை போட்ட விரலின் பின்புறத்தால் ரோமத்தை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை எதிர்ப்பக்கமும் லேசாகத் தடவுங்கள். வெல்வெட் துணியில் வருவதுபோல நிறம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் அது நீள்ரோம வேலை. சும்மா விட்டுவிடுங்கள். பிசிறு என்பது இப்படித் திசை காட்டாது, குட்டிக் குட்டி உருண்டையாகத் திரண்டு நிற்கும். பெரும்பாலும் மலிவான கம்பளி ஃபெல்ட்டில்தான் வரும். மூன்றாவதாக ஒன்று உண்டு, பூச்சி மேய்ந்த தடம். வளைந்து வளைந்து போகும் பள்ளமாக, ஓரத்தில் மணல் போன்ற எச்சத்தோடு இருக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் தொப்பியில் எதையும் தேய்க்கவே கூடாது.

இன்றைய செக் நாட்டில் நோவி யிச்சின் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஆஸ்திரியப் பேரரசு காலத்தில் ஜெர்மன் மொழியில் நொய்டிட்ஷைன் என்பார்கள். ஹூக்கல் குடும்பத்தின் தொப்பித் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1945-இல் அரசுடைமையாகி டோனாக் என்ற பெயரில் தொடர்ந்தது. அந்த ஊர் நீள்ரோமத் தொப்பி ஒன்றைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று புரியும். பூனையின் கழுத்தடி ரோமத்தைத் தடவுவதுபோல விரல் உள்ளே இறங்கும். தொப்பியின் உள்பட்டையில் ஊரின் ஜெர்மன் பெயர் முத்திரையிட்டிருந்தால் போருக்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த முத்திரையைப் பார்த்ததும் மகிழ்ச்சி வருவது இயல்புதான். கூடவே எச்சரிக்கையும் வர வேண்டும்.

காரணம் பாதரசம். இதைப் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. மீதிப் பேர் கதை என்று ஒதுக்குகிறார்கள்.

ரோமம் நன்றாகச் சிக்கிக்கொள்ள, தோலிலிருந்து வெட்டுவதற்கு முன்பே அதன்மேல் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். காய்ந்தால் ரோம நுனி ஆரஞ்சு நிறமாகும். அதனால் அந்த வேலைக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயரே கேரட்டிங். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இது நடந்தது. பட்டறையின் ஆவியிலும் தூசியிலும் கிடந்தவர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, பல் ஆடியது, மனம் குலைந்தது. அமெரிக்காவில் தொப்பிக்குப் பேர்போன டேன்பரி நகரத்தில் அதை டேன்பரி நடுக்கம் என்றே சொன்னார்கள். அங்கே 1941 டிசம்பர் 1 முதல்தான் ஃபெல்ட் வேலையில் பாதரசம் முடிவுக்கு வந்தது. அந்தத் தொழிலாளர்கள் செய்த தொப்பிகள்தான் இன்று நம் அலமாரியில் இருக்கின்றன. அருங்காட்சியகங்களில் பழைய ஃபெல்ட் தொப்பிகளை எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி வைத்துச் சோதித்தபோது அவற்றில் இன்னமும் பாதரசம் இருப்பது தெரிந்தது. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

பயந்து தூக்கிப் போடச் சொல்லவில்லை. எப்போதாவது எடுத்துப் பார்ப்பவரின் நிலை வேறு, நாள் முழுக்க ஆவியில் நின்ற தொழிலாளியின் நிலை வேறு. ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஃபெல்ட் தூசியாகி மூக்குக்குள் போகிறது. கெட்டிலில் ஆவி காட்டினால் பாதரசம் ஆவியோடு கிளம்ப நீங்களே வழி செய்கிறீர்கள். தூசிக்கான முகக்கவசம் பாதரச ஆவியைத் தடுக்காது. என்னிடம் வந்தவர் படுக்கையறையில், மின்விசிறிக்குக் கீழே, மகன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது தேய்த்திருக்கிறார். கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எனவே, வயது தெரியாத எந்தப் பழைய ரோமத் தொப்பியையும் பாதரசம் உள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆன கையுறை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் மேசையை ஈரத் துணியால் துடைத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் தலையில் வைத்துப் படம் எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். போருக்கு முந்தைய தொப்பியை நான் அணிவதே இல்லை. அணிய ஆசையா, புதிதாகச் செய்த நீள்ரோமத் தொப்பி கிடைக்கிறது, அதை வாங்கி அணியுங்கள்.

பராமரிப்புக்கு வருவோம். நீள்ரோமத் தொப்பிக்கு வேண்டியது மிகக் குறைவு. நல்ல மென்மையான குதிரைமுடித் தூரிகை ஒன்று. கருப்புத் தொப்பிக்கும் வெளிர்நிறத் தொப்பிக்கும் தனித்தனியாக. தொப்பியை மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ரோமம் படிந்திருக்கும். அந்த வாக்கிலேயே, தூரிகையின் எடை மட்டும் படும்படி இழுங்கள். எதிர்வாக்கில் குத்தாதீர்கள். கம்பித் தூரிகை கூடவே கூடாது. துணியில் தூசி எடுக்கிற பசை உருளையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தூசியோடு ரோமத்தையும் பிடுங்கும், போதாததற்குப் பசையை வேறு விட்டுவிட்டுப் போகும். கறைக்கு ஸ்பிரிட் போடுகிறவர்கள் கவனிக்க: தொப்பிக்கு விறைப்புக் கொடுக்க அரக்கு ஏற்றியிருப்பார்கள். ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். கறை இருந்த இடத்தில் ரோமம் ஒட்டிக்கொண்டு விறைத்த திட்டாகிவிடும்.

எடுக்கும்போது உச்சியைக் கிள்ளிப் பிடிக்காதீர்கள். பழைய தொப்பிகள் முதலில் கிழிவது அந்தக் கிள்ளுகிற இடத்தில்தான். இரண்டு கையாலும் விளிம்பைத் தாங்கி எடுங்கள். நனைந்துவிட்டதா, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டாதீர்கள். தானாக உலரட்டும். உலர்ந்த பிறகு வாருங்கள், ஈரத்தில் வாராதீர்கள். உள்ளே இருக்கும் தோல் பட்டை காய்ந்து செந்தூளாக உதிர்ந்தால் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் ஃபெல்ட்டில் ஊறி வெளிப்பக்கம் கறையாக வரும். தையல் நைந்த பட்டையை வெளியே திருப்பிப் பார்க்கிற ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

வைக்கும் முறையில் நீள்ரோமத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தொப்பியைக் கவிழ்த்து உச்சியில் நிற்க வை என்று பொதுவாகச் சொல்வார்கள். வழவழப்பான தொப்பிக்குச் சரி. நீள்ரோமத்தில் உச்சி ரோமம் மாதக்கணக்கில் நசுங்கி ஒட்டிப்போகும். நேராக வைத்தால் விளிம்பு வளைந்துபோகும். உள்ளே அமிலமற்ற காகிதத்தைச் சுருட்டித் தலை போல அடைத்து, அந்தத் தாங்கலில் தொப்பி நிற்கும்படியும் விளிம்பு அந்தரத்தில் இருக்கும்படியும் செய்யுங்கள். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், ரோமம் பக்கச்சுவரில் உரசக் கூடாது. பிளாஸ்டிக் பை வேண்டாம், வெயில் விழும் கண்ணாடி அலமாரியும் வேண்டாம்.

அந்துப்பூச்சி பற்றிச் சுருக்கமாக. பறக்கிற பூச்சி தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. திறந்த அலமாரியில் நாலு பாச்சை உருண்டை போட்டால் வீடு நாறும், புழு சாகாது. மேய்ந்த தடம் கண்டால் தொப்பியை இரண்டு பாலித்தீன் பைக்குள் காற்றை நீக்கி இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோக்கும். சாப்பாடு வைக்கிற ஃபிரீசர் வேண்டாம், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவரிடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். "புதுப்பித்தது" என்ற வார்த்தையைப் பார்த்தால் யார் புதுப்பித்தார்கள், எதை வைத்து என்று கேளுங்கள். ஆவியில் ஊதிப் பெருக்கிய ரோமமும் திட்டுத்திட்டாக மழித்த ரோமமும் நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அழகாகவே தெரியும். பூச்சி மேய்ந்த சிறு தடமுள்ள, யாரும் கை வைக்காத தொப்பி இவற்றைவிட எவ்வளவோ மேல்.

அந்தக் காகித உறையை நான் திறக்கவில்லை. அப்படியே இரண்டு பைக்குள் போட்டு மூடி, மேலே பாதரசம் இருக்கலாம் என்று எழுதி, அபாயக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுக்கச் சொன்னேன். படுக்கையறைத் தரையைப் பெருக்காமல், சாதாரண வேக்குவம் கிளீனரும் போடாமல், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பையில் போடச் சொன்னேன். தேய்த்த அன்று உடுத்தியிருந்த சட்டையைத் துவைத்தாயிற்றா என்று கேட்டேன். மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைத்ததாகச் சொன்னார். மகனுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். நான்கு என்றார். மருத்துவரிடம் இந்த விஷயத்தை மறைக்காமல் சொல்லி ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று எழுதியே கொடுத்தேன். தொப்பியில் நான் செய்தது, மொட்டையின் ஓரத்து ரோமத்தை வாரி அடக்கியது மட்டும்.