குழந்தை வளர்ப்பு வகுப்புக்கு அம்மாக்கள் ஏன் வருவதில்லை?

குழந்தை வளர்ச்சி சிகிச்சையாளர் என்பதால், மதுரையில் செல்லூர், கரிமேடு, வில்லாபுரம் பக்கம் இளம் தாய்மாருக்கு வகுப்பு நடத்த விரும்பும் புதியவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். என்ன பாடம் எடுக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை மணிக்கு வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். காலை பத்தரை மணி என்று பதில் வந்தால் கதை முடிந்தது. அந்த நேரத்தில் சித்தாள் வேலைக்குப் போன அம்மா தலையில் சாந்துச் சட்டியோடு நிற்பாள். வீட்டில் பூக்கட்டுகிறவள், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வந்த மல்லி விரிவதற்குள் கட்டி முடித்தாக வேண்டும். நம் வகுப்புக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. வராதவளை அக்கறை இல்லாதவள் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம்.

சரி, கூலி போகாத நேரம் எது? புதன்கிழமை. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதுதான் தடுப்பூசி நாள். ஊசி போட்டதும் கிளம்ப விடமாட்டார்கள். ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். அம்மா எப்படியும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு அப்பத்தாவோ அம்மாச்சியோ இருப்பார்கள். அந்த பெஞ்சுதான் வகுப்பறை.

பாடத்திட்டத்தையும் அரசே போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், அப்புறம் ஒன்பது மாதம், ஒன்றரை வயது என்று ஊசிக்கு வரும் நாட்களே பாடம் மாறும் நாட்கள். ஒன்றரை மாதத்தில் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். மூன்றரை மாதத்தில்தான், "பால் பத்தலை போல, பிஸ்கட்டைக் கரைச்சுக் கொடு" என்று தெருவே அறிவுரை சொல்லும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதை அன்றைக்குச் சொன்னால்தான் பிரயோஜனம். ஒன்பது மாதத்தில் சாப்பாடு. அங்கன்வாடியில் தருகிற சத்துமாவு யார் வயிற்றுக்குப் போகிறது என்று அன்றைக்கு நைசாக விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் மூத்த பிள்ளைக்குப் போயிருக்கும். அதற்காகத் திட்டுவது வீண் வேலை. மூத்தவனுக்கும் பசிதானே?

அப்பத்தாவை ஒதுக்கிவிட்டு நடத்தும் வகுப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில் முடிவெடுப்பது அவர்தான். "நாங்கள்லாம் வகுப்புக்குப் போயா பிள்ளை வளத்தோம்?" என்பார். உண்மைதான். அவர் செய்வதில் பாதி நல்லது. எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுவது, தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடுவது, இதெல்லாம் தொடரட்டும். கையில் கட்டிய வசம்புக்கும் நான் சண்டைக்குப் போவதில்லை, பிள்ளை அதைக் கடித்து விழுங்காதவரை. நிறுத்த வேண்டியவை வேறு: பிறந்ததும் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவது. இந்த நான்கை மட்டும் கேட்டால் அப்பத்தா ஒத்துக்கொள்கிறார். நாற்பது சொன்னால் ஒன்றும் நடக்காது.

மதுரைப் பக்கத்துக்கு இந்த வேலை புதிதில்லை. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதலில் தொடங்கியது. மாதாமாதம் பிள்ளையை எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குக் கொஞ்ச காலம் கூடுதல் உணவு தந்து, கூடவே அம்மாவிடம் உட்கார்ந்து பேசினார்கள். அதில் எடையும் உணவும் நம்மிடம் நிலைத்துவிட்டன. உட்கார்ந்து பேசுவதுதான் தேய்ந்துபோனது.

பேச்சும் விளையாட்டும் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஜமைக்கா கதையைச் சொல்வேன். 1986, 87-ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள், இரண்டு வருடம். வேண்டாத டப்பா, துணி, மூடியில் செய்த பொம்மைகளை வைத்து அம்மாவும் பிள்ளையும் விளையாடப் பழக்கினார்கள். சுமார் இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், அப்படி யாரும் வீட்டுக்கு வராத பிள்ளைகளைவிட ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. போனவர்கள் பெரிய டாக்டர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைப் பூக்கட்டுகிற வீட்டில் எப்படிச் செய்வது? கை ஓயாது, ஆனால் வாய் சும்மாதானே இருக்கிறது. பிள்ளை தொந்தரவு செய்யாமலிருக்கக் கையில் போனைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் போனைப் பிடுங்கினால் பதிலுக்கு ஒன்று தர வேண்டும் அல்லவா? ஒரு சில்வர் தம்ளர், ஒரு கரண்டி, மூடியுள்ள ஒரு டப்பா. பிள்ளை தட்டினால் அம்மா அதேபோல் வாயால் "டங்கு டங்கு" என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். பிள்ளை மறுபடி தட்டும். அம்மா மறுபடி சொல்வாள். கட்டுகிற கை நிற்கவே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மொட்டு, பாசி, வேர்க்கடலை எதுவும் பிள்ளைக்கு எட்டக்கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அப்பாக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஞாயிறு சாயங்காலம் தெருவிலேயே பிடித்தால் பேசுவார்கள். மண்டபத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

ஒரு வயதாகியும் மழலை ஒலிகள் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல் வரவில்லை, இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்ற ஒரு வாக்கியத்தால் ஒரு வருடம் வீணாகிப் போன பிள்ளைகள் நிறைய. முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் வளர்ச்சித் தாமதம் பார்க்கிறார்கள், காசு கிடையாது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. போகிற கூலி மட்டும்தான் செலவு. அதனால் அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்பதை அன்றைக்கே தேதியாகக் கேட்டு வாங்குங்கள். தடுப்பூசி அட்டையையும் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், கேட்பார்கள்.